மாதவியின் கதையை அவள் வாயால் எழுதுகிறேன், ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டேன்

#1 மஞ்சள்குருவி
ஞாயிறு, இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வருடமாக ஓசையில்லாமல் வாசித்துவிட்டுப் போகிற ஆள் நான். இழை தொடங்குவது இதுதான் முதல் தடவை, தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகாபாரதத்தில் வரும் மாதவியின் கதையை அவளே சொல்வதுபோல ஒரு குறுநாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அறுபது பக்கம் ஓடிவிட்டது. ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு மூன்று வாரமாகிறது.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. விசுவாமித்திரரிடம் படித்த காலவர், தட்சிணை என்ன வேண்டும் என்று குருவை விடாமல் நச்சரிக்கிறார். ஒன்றும் வேண்டாம், போய் வா என்று அவர் சொல்லியும் கேட்கவில்லை. எரிச்சலில் அவர் கேட்டது: நிலா நிறத்தில், ஒரு காது மட்டும் கறுத்த குதிரைகள், 800. காலவர் கருடனோடு யயாதி அரசரிடம் போகிறார். யயாதியிடம் பழைய செல்வம் இல்லை. கேட்டு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பவும் மனமில்லை. தன் பெண் மாதவியைக் கொடுத்துவிடுகிறார். இவளுக்கு ராஜ்ஜியத்தையே விலையாகத் தருவார்கள், 800 குதிரை எம்மாத்திரம் என்கிறார். எனக்கு மகள் வயிற்றுப் பேரன் கிடைக்கட்டும் என்று ஒரு வரியும் சேர்த்துக்கொள்கிறார்.

அயோத்தி ஹர்யசுவனிடம் இருப்பது 200 குதிரை. காசி திவோதாசனிடம் 200. போஜ நகரத்து உசீநரனிடம் 200. ஒவ்வொருவருக்கும் ஒரு பிள்ளை பெற்றுக் கொடுத்துவிட்டு அடுத்த இடத்துக்குப் போகிறாள். மிச்சம் 200 உலகத்திலேயே கிடையாது. அதற்கு ஈடாக அவளையே விசுவாமித்திரரிடம் கொண்டுபோய் விடுகிறார் காலவர். அங்கும் ஒரு பிள்ளை. (நான் திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். ஷார்ட் ஷிப்மென்ட் ஆனால் மிச்சத்துக்கு என்ன ஈடு என்று மெயில் போட்டுக்கொண்டே இருக்கிற வேலை. இந்த இடத்தை வாசித்தபோது வயிற்றைப் பிசைந்தது.) கடைசியில் அப்பா சுயம்வரம் வைக்கிறார். வந்த அத்தனை பேரையும் தாண்டிப்போய்க் காட்டை வரித்துக்கொள்கிறாள்.

என் சிக்கல் இதுதான். நான்கு பேரிடம் கொடுக்கிற யோசனை காலவருடையது இல்லை. மாதவியுடையது! ஹர்யசுவன் “என்னிடம் 200தான் இருக்கிறது” என்றதும் காலவர் முழிக்கிறார். அப்போது அவளே வாயைத் திறந்து, ஒவ்வொரு பிள்ளைப்பேற்றுக்குப் பிறகும் நான் திரும்பக் கன்னியாகிவிடுவேன், ஒரு முனிவர் கொடுத்த வரம், என்னை நான்கு அரசர்களுக்குக் கொடுத்து 800ஐச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்கிறாள்.

அதுவரை அவளைப் பலியாடாக எழுதிக்கொண்டு வந்தேன். இங்கே அவளே கழுத்தை நீட்டுகிறாள். இந்த வரியை விட்டுவிடலாமா?

#2 கொத்துபரோட்டா
இரவு 9.20

கானல்வரி மாதவின்னு நினைச்சு ஆசையா ஓடி வந்தேன். இது வேற ஆளா?

#3 மஞ்சள்குருவி
இரவு 9.24

வேறு மாதவி. ஆனால் உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்கு அம்மா. உசீநரனுக்குப் பிறந்தவன்தான் சிபி.

#4 கொத்துபரோட்டா
இரவு 9.26

புறா சிபியா?! அப்ப சோழருக்கெல்லாம் பாட்டி. ஸ்கூல்ல தராசுப் படம் போட்டுப் பாடம் நடத்தினாங்க, அம்மா பேரை யாரும் சொல்லலையே.

#5 பழையபேப்பர்
இரவு 10.05

அம்மா மஞ்சள்குருவி, ஆர்வத்துக்குப் பாராட்டு. தமிழாசிரியனாக முப்பது வருடம் இருந்தவன், கொஞ்சம் கடுமையாகச் சொன்னால் கோபித்துக்கொள்ளாதே.

இந்தக் கதை எங்கே வருகிறது என்று பார். உத்தியோக பருவத்தில், கண்ணன் தூது வந்த சபையில், துரியோதனனுக்கு நாரதர் சொல்வது. பிடிவாதம் பிடித்தவன் என்ன பாடு படுவான் என்பதற்குக் காலவர் உதாரணம். கதையின் பொருள் அது. நீ அதை எடுத்து மாதவியின் கண்ணீர்க் கதை ஆக்கினால் நாரதர் சொன்னது எங்கே போயிற்று? இப்போதெல்லாம் யார் எதை எழுதினாலும் “அவள் பார்வையில்” என்று ஒரு அட்டை. சீதை பார்வை, மண்டோதரி பார்வை, சூர்ப்பணகை பார்வை. உள்ளே திறந்தால் எல்லோரும் ஒரே குரலில் பேசுகிறார்கள், அதுவும் எழுதியவரின் குரல்.

எழுது, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வரியை விட்டுவிடக் கூடாது. மூலத்தில் அவள் பேசுவதே கொஞ்சம். அதிலும் கைவைப்பாயா?

#6 தாமரைக்குளம்
இரவு 10.31

பழையபேப்பர் சார், மூலத்தில் கைவைக்காத ஒருத்தரைச் சொல்லுங்கள் பார்க்கலாம். வால்மீகியில் அகலிகை கல்லாகவில்லை. யார் கண்ணுக்கும் படாமல், காற்றை உண்டு, சாம்பலில் கிடக்கிறாள். நமக்குத் தெரிந்த கல் அகலிகை கம்பரிடம் இருப்பவள். அவருக்கு யார் அனுமதி கொடுத்தது?

இன்னொன்று. பெண் குரலில் பாடுவதும் இந்த மண்ணில் நேற்று வந்ததில்லை. பெரியாழ்வார் யசோதையாகிக் கண்ணனைத் தொட்டிலில் போட்டார். நம்மாழ்வார் பராங்குச நாயகி ஆனார், திருமங்கையாழ்வார் பரகால நாயகி. ஆண்கள் சேலை கட்டிப் பாடியபோதெல்லாம் பக்தி. பெண் எழுத வந்தால் மட்டும் “அட்டை”யா? ஆண்டாளைப் பாருங்கள். அப்பா யசோதையானார், மகள் யாராகவும் ஆகவில்லை. தன் ஊர்ப் பெண்களைக் கூட்டிக்கொண்டு தானே ஆயர்பாடிக்குள் நடந்து போய்விட்டாள். நாச்சியார் திருமொழி 143 பாட்டும் அவள் சொந்தக் குரல், கோபம், ஏக்கம், வசவு எல்லாம் சேர்த்து.

மஞ்சள்குருவி, என் கட்சி இது: அந்த வரியைத் தூக்கிவிடுங்கள். அது ஆண் எழுதியவனின் கற்பனை. பிள்ளை பெற்றும் கன்னியாகவே இருக்கும் பெண், அதுவும் தன்னைத் தானே தூக்கிக் கொடுக்கிறவள். யாருடைய வசதிக்கு இந்த வரம்?

#7 அனுஷ்டுப்
இரவு 11.48

இருவரும் சண்டை போடுங்கள், நான் வரிசையை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். சுலோகம் ஓதும் வீட்டில் வளர்ந்தவன், அந்தக் கெட்ட பழக்கம் இன்னும் இருக்கிறது.

அவள் பேசும் இடம் முதலில் வரவில்லை. அதற்கு முன் என்னென்ன நடந்தது என்று பாருங்கள். அப்பா கொடுத்தாயிற்று. அவளைக் கேட்கவில்லை. காலவர் அயோத்திக்குக் கூட்டிப்போயாயிற்று. கேட்கவில்லை. ஹர்யசுவன் அவள் உடம்பை அங்கம் அங்கமாகச் சொல்லி முடித்தாயிற்று: உயர்ந்திருக்க வேண்டிய ஆறு இடம் உயர்ந்திருக்கிறது, மெலிந்திருக்க வேண்டிய ஏழு மெலிந்திருக்கிறது, ஆழ்ந்திருக்க வேண்டியது மூன்று, சிவந்திருக்க வேண்டியது ஐந்து. மாட்டுத் தாவணியில் சுழி பார்ப்பதற்கும் இதற்கும் எண்ணிக்கையில்தான் வித்தியாசம். அதன் பிறகு விலை என்ன என்று கேட்கிறான். அதன் பிறகு 200தான் இருக்கிறது என்கிறான். காலவர் என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறார்.

அப்போதுதான் அவள் பேசுகிறாள். அந்த மண்டபத்தில் இத்தனை ஆண்களுக்கும் தெரியாத ஒரு விஷயம் அவளிடம் இருக்கிறது, அந்த வரம். அப்பாவுக்கே தெரியுமா என்று பாடம் சொல்லவில்லை. அவர் அதைக் காலவரிடம் சொல்லிக் கொடுக்கவும் இல்லை. அதுவரை கைக்குள் மூடி வைத்திருந்தாள்.

வரியை விடாதீர்கள். அதற்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் சும்மா நின்றாள் என்பதை எழுதுங்கள்.

#8 மஞ்சள்குருவி
இரவு 11.59

அனுஷ்டுப் சார், ஆறும் ஏழும் மூன்றும் ஐந்தும் நிஜமாகவே இருக்கிறதா? நான் வாசித்த சுருக்கத்தில் “அவள் அழகில் மயங்கினான்” என்று முடித்துவிட்டார்கள்.

#9 அனுஷ்டுப்
நள்ளிரவு 12.03

இருக்கிறது. சுருக்கம் எழுதுகிறவர்களுக்கு வெட்கம் வந்திருக்கும்.

#10 மஞ்சள்குருவி
திங்கள், இரவு 8.40

ஆபீஸ் பஸ்ஸில் வரும்போது போனில் ஒரு பத்தி தட்டினேன். அந்த மண்டபக் காட்சி. தைரியமாகப் போடுகிறேன், கிழித்துத் தோரணம் கட்டுங்கள்:

“நான் பண்டம் அல்ல, அரசே. என் உடல் என் உரிமை. நூற்றாண்டுகளாக எங்களை விலை பேசிய உங்கள் ஆதிக்கத்தின் முன் நான் தலைகுனிய மாட்டேன். ஆனால் இன்று இந்த முனிவனுக்காக அல்ல, என் சுதந்திரத்துக்காக, நானே என் பாதையைத் தேர்ந்தெடுக்கிறேன்” என்று மாதவி முழங்கினாள். அவள் கண்களில் தீ எரிந்தது.

#11 பழையபேப்பர்
இரவு 8.52

மைக் டெஸ்டிங், ஒன், டூ, த்ரீ.

#12 கொத்துபரோட்டா
இரவு 8.53

சார் 😂😂

#13 தாமரைக்குளம்
இரவு 9.10

எனக்குமே உறுத்துகிறது தோழி. கருத்து என்னுடையதுதான், ஆனால் இதை என் கட்டுரையில் நான் எழுதிக்கொள்வேன். அவள் எதற்கு எழுதித் தருகிறாள்? இன்னொன்று, தன் கதையைத் தானே சொல்கிறவள் “என்று மாதவி முழங்கினாள்” என்று சொல்வாளா? அவசரத்தில் படர்க்கைக்குப் போய்விட்டீர்கள்.

#14 மஞ்சள்குருவி
இரவு 9.15

அய்யோ ஆமாம். கண்ணில் தீ எரிகிற காட்சியில் அந்தக் கண்ணுக்கு உள்ளே நான் இல்லவே இல்லை. சரி, புரிகிறது.

#15 செய்யாறு_கட்டியங்காரன்
இரவு 10.22

நான் புத்தகம் அதிகம் படிச்சவன் இல்ல தங்கச்சி. எங்க பக்கம் திரௌபதையம்மன் கோயில்ல பாரதம் வச்சா பகல்ல பிரசங்கம், ராத்திரி கூத்து. அப்பா காலத்துலேருந்து ஆடுறோம். பொம்பள வேஷமும் ஆம்பளதான் கட்டுவான், அதையும் சொல்லிடறேன்.

கூத்துல ஒரு வேஷம் சும்மா வராது. திரைக்குப் பின்னால நின்னு பாடி, திரைய விலக்கி வரும். கட்டியங்காரன் கேப்பான்: தாங்கள் யாரு, எந்த ஊரு, யார் மகள், யார் தேவி, எதுக்காக இந்தச் சபைக்கு வந்தீங்க? அதுக்குப் பதில் சொல்லித்தான் வேஷம் சபையில நிக்கும். எத்தனையோ ராத்திரி இந்தக் கேள்விய நான் கேட்டிருக்கேன். உன் இழையப் படிச்சதும் ஒண்ணு தோணிச்சு. மாதவி வேஷம் திரைய விலக்கி வந்தா நான் எப்படிக் கேப்பேன்? யார் மகள்னா யயாதி மகள்னு சொல்லிடுவா. யார் தேவின்னு கேட்டா? எந்த ஊருன்னு கேட்டா? எதுக்காக வந்தேன்னு கேட்டா, குதிரைக்காகன்னுதான் சொல்லணும். மூணு ஊருலயும் அதே பதில்.

இன்னொண்ணு. படுகளம் அன்னிக்கு, துரியோதனன் சாகிற நாளு, மண்ணுல செஞ்ச பெரிய துரியோதனன் படுத்திருப்பான். திரௌபதை கூந்தல் முடியறதப் பாக்கத்தான் சனம் திரளும். ஆனா அங்க துரியோதனன் பெண்டாட்டி பெருந்திருவாள் வந்து ஒப்பாரி வைக்கிற ஒரு கட்டம் இருக்கு. தோத்தவன் பெண்டாட்டி, சாமி அவ பக்கம் இல்ல. இருந்தாலும் அவளும் அழுது முடிச்சாத்தான் ஆட்டம் முடியும். யார் பக்கத்துலேருந்து சொல்றதுன்னு நீங்க இன்னிக்குப் பேசறீங்க. எங்க வாத்தியார் யாரையும் கேக்காம அந்தம்மாவுக்கு ஒரு இடம் விட்டு வச்சிருக்காரு.

#16 மஞ்சள்குருவி
இரவு 10.40

அண்ணா, “யார் தேவி” என்ற கேள்வியை நான் எடுத்துக்கொள்ளலாமா?

#17 செய்யாறு_கட்டியங்காரன்
இரவு 10.44

அது என்னுது இல்லம்மா. எடுத்துக்கோ.

#18 நைட்_ட்யூட்டி
செவ்வாய், அதிகாலை 3.35

தூக்கம் வராம இருக்க போன் நோண்டிட்டு இருந்தேன், இந்த இழை மாட்டிச்சு. பிரசவ வார்டுல ஸ்டாஃப் நர்ஸ். புராணம் எல்லாம் டிவில பார்த்ததோட சரி.

நீங்க எல்லாரும் கன்னி, வரம், உரிமைன்னு பேசறீங்க. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பிள்ளையைப் பெத்து அங்கயே விட்டுட்டுக் கிளம்பிட்டான்னு சொல்றீங்களே, பால்?

சிரிக்காதீங்க. பிரசவமாகி மூணாம் நாள், நாலாம் நாள் பால் இறங்கும். குழந்தை குடிக்கலன்னா மார் கல்லு மாதிரி ஆயிடும். காய்ச்சல் வரும், கை தூக்க முடியாது. குழந்தை தவறிப் போன அம்மாக்களை நான் பாத்திருக்கேன். பக்கத்து கட்டில்ல வேற குழந்தை அழுதா இவங்களுக்குச் சொரக்கும், நைட்டி முன்பக்கம் நனைஞ்சிடும். அப்ப அவங்க மூஞ்சிய பாக்கக் கூடாது. எங்க பாட்டி காலத்துல பால் வத்தறதுக்கு மல்லிகைப் பூவை மாரோட வச்சுக் கட்டுவாங்க. இப்பவும் சில அம்மாங்க மாமியார் சொன்னாங்கன்னு பூ வாங்கிட்டு வர்றது உண்டு.

வரம் கொடுத்த முனிவர் கன்னியாகறதப் பத்திச் சொன்னாரு சரி. பாலைப் பத்தி ஏதாவது சொன்னாரா? ரிங் அடிக்குது, போறேன்.

#19 தாமரைக்குளம்
காலை 7.02

இத்தனை வருடம் பெண்ணியம் பேசுகிறேன். இந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

#20 அனுஷ்டுப்
காலை 7.50

நைட்_ட்யூட்டி கேட்டது தூங்கவிடவில்லை. விடியற்காலையில் எடுத்துப் புரட்டினேன்.

முதல் பிள்ளை வசுமனஸ் பிறந்ததும் காலவர் அயோத்திக்கு வருகிறார். அரசனிடம் சொல்கிறார், பிள்ளை பிறந்துவிட்டான், நான் இன்னொரு அரசனிடம் போக வேண்டும், குதிரைகள் இப்போதைக்கு உன்னிடமே இருக்கட்டும். கவனியுங்கள், 200 குதிரையும் லாயத்தில் நிற்கின்றன. பெண் நடக்கிறாள். அரச வாழ்வைத் துறந்து, மறுபடி கன்னியாகி, காலவர் பின்னால் போனாள் என்று ஒரு சுலோகத்தில் முடிகிறது. பாலைப் பற்றி ஒன்றுமில்லை.

ஆனால் காசிக்குப் போகும் வழியில் காலவர் அவளிடம் ஒரு வரி பேசுகிறார். பல தடவை ஓதியிருக்கிறேன், ஒரு தடவையும் நின்றதில்லை. திவோதாசன் என்று ஒரு அரசன், நாம் அங்கே போகிறோம், “சனைர் ஆகச்ச, மா சுசஃ” என்கிறார். மெல்ல வா. வருந்தாதே.

வருந்தாதே என்றால் அவள் வருந்திக்கொண்டிருந்தாள் என்று அர்த்தம். மெல்ல வா என்றால் அவளால் வேகமாக நடக்க முடியவில்லை என்று ஏன் நான் எடுத்துக்கொள்ளக் கூடாது? உரை எழுதினவர்கள் யாராவது என்னோடு சண்டைக்கு வரட்டும்.

#21 பழையபேப்பர்
காலை 8.15

நான் வரமாட்டேன். இது பாடத்துக்குள்ளேயே இருக்கிறதே.

#22 மஞ்சள்குருவி
காலை 8.31

பஸ்ஸில் இருக்கிறேன். பக்கத்து சீட் அக்கா என்னம்மா ஆச்சு என்று கேட்டுவிட்டார்கள். அப்புறம் எழுதுகிறேன்.

#23 தாமரைக்குளம்
காலை 11.20

அனுஷ்டுப், அந்தச் சுலோகத்தில் “காமதஃ” என்று ஒரு சொல் இருக்கிறதில்லையா? தன் விருப்பத்தால் கன்னியானாள் என்று. அப்படியானால் அந்த வரம் தானாக நடப்பதில்லை. அவள் நினைத்தால்தான் நடக்கும். நினைக்காமல் இருந்திருந்தால் அயோத்தியில் பிள்ளையோடு ராணியாக இருந்திருப்பாள். இது என் நேற்றைய கட்சிக்கே எதிரான வாதம் என்று எனக்குத் தெரியும்.

#24 அனுஷ்டுப்
பகல் 1.05

இருக்கிறது. ஒரு சொல்லின் மேல் ஒரு மாளிகையைக் கட்டாதீர்கள் என்பேன். ஆனால் கதை எழுதுகிறவர் கட்டலாம்.

#25 யுகசந்தி
பகல் 2.40

ரிஷிகளையும் அரசர்களையும் கேவலப்படுத்துவதே இப்போது இலக்கியமாகிவிட்டது. எல்லாம் தேவ காரியம். நால்வரும் உத்தமப் புத்திரர்கள். அதற்காகப் பிறந்தவள் அவள். பாலாம், பூவாம். வேறு வேலை இல்லையா இவர்களுக்கு...

#26 மட்டுறுத்துநர்
பகல் 3.10

யுகசந்தி, மாற்றுக் கருத்துக்கு இடமுண்டு, ஆட்களை இழிவாகப் பேசுவதற்கு இல்லை. கடைசி இரண்டு வரிகள் நீக்கப்பட்டன. இழை தொடரட்டும்.

#27 பழையபேப்பர்
மாலை 6.30

யுகசந்திக்கு நான் சொல்கிறேன், வயதில் மூத்தவன் என்ற முறையில். ரிஷியைக் கேவலப்படுத்த இவர்கள் ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை ஐயா. 600 குதிரையும் மாதவியுமாகக் காலவர் வந்து நிற்கும்போது விசுவாமித்திரர் என்ன சொல்கிறார்? இவளை முதலிலேயே என்னிடம் கொடுத்திருக்கக் கூடாதா, நான்கு பிள்ளையும் எனக்கே பிறந்திருக்குமே என்கிறார். வியாசர் மறைக்கவில்லை. நாம்தான் பல்லைக் கடித்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பினோம்.

அந்தக் குதிரைக் கணக்கும் பாருங்கள். ஆதியில் வருணனிடமிருந்து வந்தவை ஆயிரம். அதுவும் ஒரு பெண்ணுக்கு விலையாகத்தான். காதி அரசன் தன் மகள் சத்தியவதியைத் தர ரிசீக முனிவரிடம் கேட்டுவாங்கியவை. அந்தச் சத்தியவதி யார்? விசுவாமித்திரரின் அக்காள். பிறகு அவை கைமாறிக் கைமாறி, விதஸ்தை ஆற்றைக் கடக்கும்போது 400 போயிற்று. மிஞ்சியது 600. அதாவது குரு 800 என்று வாய்விட்டபோதே உலகத்தில் 800 இல்லை. கருடன் இதைச் சொல்வது எப்போது? மாதவி மூன்று பிள்ளை பெற்ற பிறகு.

#28 கொத்துபரோட்டா
மாலை 6.41

கருடன் முதல் நாளே சொல்லியிருந்தா கதையே இல்ல. கூடவே பறந்து வந்தவரு!

#29 மஞ்சள்குருவி
மாலை 6.58

அக்காளைக் கொடுத்து வாங்கிய குதிரை தம்பியிடம் தட்சிணையாகத் திரும்பி வருகிறது. இது எனக்குத் தெரியாது சார். சத்தியவதியை மாதவிக்குத் தெரிந்திருக்குமா? லாயத்தில் யாராவது சொல்லியிருப்பார்களா, இந்தக் குதிரைகளின் தாய்வழி என்ன என்று? குதிரைக்காரர்கள் வம்சம் ஒப்பிப்பார்கள் இல்லையா?

#30 பழையபேப்பர்
மாலை 7.20

ஒப்பிப்பார்கள். அதை எழுது. இன்னும் ஒன்று கேட்கிறேன். காட்டில் முடிக்கப் போகிறாய் என்று தெரிகிறது. சுயம்வரத்துக்கு அவளைத் தேரில் ஏற்றிவருவது புருவும் யதுவும், அதாவது அண்ணன் தம்பிகள். கங்கையும் யமுனையும் கூடுமிடம். அவள் இறங்கிக் காட்டுக்குள் போகிறாள், மானைப்போல் புல்லைத் தின்று திரிகிறாள். அழகான முடிவு, திரை போட்டுவிடலாம். ஆனால் கதை அங்கே முடியவில்லை. சொர்க்கத்துக்குப் போன யயாதி கர்வத்தால் கீழே விழுகிறான். விழுவது எங்கே? அவள் பெற்ற நான்கு பேரும் வேள்வி செய்கிற நைமிசத்தில். அங்கே மான்களோடு மானாக இவளும் வருகிறாள். தன் புண்ணியத்தில் பாதியை எடுத்துக்கொள் என்று அப்பனிடம் சொல்கிறாள். விற்றவனுக்குப் பாதி! இதை எப்படி எழுதப் போகிறாய்? முன்னே கேட்டாயே ஒரு வரி, அதைவிட இது கஷ்டம்.

#31 மஞ்சள்குருவி
மாலை 7.33

பிடித்துவிட்டீர்கள். காட்டோடு நிறுத்தத்தான் இருந்தேன்.

#32 தாமரைக்குளம்
இரவு 9.05

மன்னிப்பு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். நான் யோசித்துப் பார்த்தேன். அந்த வேள்வி மண்டபத்தில் அவள் முதல்முறையாக நான்கு பிள்ளைகளையும் சேர்த்துப் பார்க்கிறாள். பிறந்த கையோடு விட்டுவந்தவர்கள். இப்போது தாடி மீசையோடு நிற்கிறார்கள். அப்பா விழுந்ததை அவள் எவ்வளவு கவனித்திருப்பாள்? எனக்கென்னவோ அவள் அன்று வந்தது அப்பாவுக்காக இல்லை என்று தோன்றுகிறது.

#33 அனுஷ்டுப்
இரவு 9.30

தகவலுக்காக: காலவரும் அங்கே வருகிறார். தன் தவத்தில் எட்டில் ஒரு பங்கு கொடுக்கிறார். அவள் பாதி, இவர் எட்டில் ஒன்று. மெர்ச்சன்டைசர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும்.

கொத்துபரோட்டாவுக்கு ஒரு பொடி: புறாக் கதை வனபருவத்தில் ஒரு இடத்தில் உசீநரனுக்கே சொல்லப்படுகிறது, இன்னொரு இடத்தில் சிபிக்கு. எது எப்படியோ, கண்ணகி பாண்டியன் முன்னால் நின்று தன் ஊர்ப் பெருமை சொல்லும்போது முதலில் எடுப்பது புறாவின் துயர் தீர்த்தவனைத்தான். அவனைப் பெற்றவள் பெயர் அந்தச் சபையில் யாருக்காவது தெரிந்திருக்குமா என்று இப்போது தோன்றுகிறது.

#34 மஞ்சள்குருவி
வியாழன், இரவு 10.50

இரண்டு நாள் ஆளைக் காணோமே என்று நினைத்திருப்பீர்கள். மண்டபக் காட்சியை அப்படியே ஓரமாக வைத்துவிட்டேன், அதற்கு இன்னும் எனக்குச் சக்தி வரவில்லை. அதற்கு அடுத்த அத்தியாயத்தைப் போடுகிறேன், தொடக்கம் மட்டும்.

அயோத்தி லாயத்தில் இருநூறு குதிரைகள். எனக்கு வேறு வேலை இல்லாத பிற்பகல்களில் எண்ணிப் பார்த்திருக்கிறேன். உடம்பெல்லாம் நிலா. ஒரு காது மட்டும் அடுப்புக்கரியில் தோய்த்தது போல இருக்கும். ஈ மொய்த்தால் முதலில் அசைவது அந்தக் காதுதான். வயிறு பெருத்த மாதங்களில் அவற்றின் அருகே நிற்பது எனக்குப் பிடிக்கும். அவையும் எதற்காகவோ நிறுத்திவைக்கப்பட்டிருந்தன.

வசுவுக்குப் பதினோராம் நாள் அவர் வந்தார். அரசரோடு பேசிக்கொண்டிருந்தது எனக்கும் கேட்டது. குதிரைகள் இப்போதைக்கு இங்கேயே இருக்கட்டும் என்றார். அவற்றுக்கு நடை மிச்சம்.

தொட்டிலை நான் ஆட்டவில்லை. ஆட்டினால் விழித்துக்கொள்வான்.

வரத்தை நினைத்தேன். எல்லாம் பழையபடி ஆயிற்று என்று உடம்பு சொன்னது. ஆனால் காசிக்குப் பாதி வழியில், யாருடைய வீட்டிலோ ஒரு குழந்தை அழுதது. என் மேலாடை நனைந்தது. முன்னால் போய்க்கொண்டிருந்தவர் திரும்பாமலே சொன்னார், மெல்ல வா, வருந்தாதே.

மெல்லத்தான் வந்தேன்.

#35 பழையபேப்பர்
இரவு 11.02

“பதினோராம் நாள்” மூலத்தில் இல்லை. இருக்கட்டும். “தொட்டிலை நான் ஆட்டவில்லை” என்பதற்குப் பிறகு உள்ள வரியை எடுத்துவிட்டுப் பார், தேவையா என்று. மற்றபடி நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

#36 செய்யாறு_கட்டியங்காரன்
இரவு 11.15

கரிக் காது கண்ணுல நிக்குது தங்கச்சி.

#37 நைட்_ட்யூட்டி
வெள்ளி, அதிகாலை 4.10

படிச்சேன். ரெண்டு தடவை. ஒண்ணு கேக்கறேன், அவ அவ்வளவு தூரம் நடக்கறாளே, நனைஞ்சதோட விட்டுட்டீங்க. பூ வைக்கலயா? வழியில யாரு கொடுப்பா?

#38 மஞ்சள்குருவி
காலை 6.45

அடுத்த பக்கத்தில் இருக்கிறது அக்கா. கிளம்பும்போது லாயத்துப் பக்கம் ஒரு கிழவி வந்து ஒரு சின்னத் துணி மூட்டையைக் கையில் திணித்துவிட்டுப் போகிறாள். அவிழ்த்தால் மல்லிகை, பாதி வாடியது. அவளுக்கு இன்னும் பேர் வைக்கவில்லை. வைக்க வேண்டும்.